தங்கப் படலமும் ராமன் ஒளியும்: நம் கடற்கரையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் தங்கச்சிமடத்துக்காரி. கண்ணாடித் துண்டின்மேல் தங்கத்தை மெல்லிய படலமாகப் பூசி, அதில் ஒரு சொட்டு ரத்தமோ சிறுநீரோ வைத்து, நோயின் தடயத்தை ஒளியால் கண்டுபிடிக்கும் ஆய்வில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஊருக்கு வந்தால் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் தினத்தன்று பிள்ளைகள் கேட்டவை, பாம்பனில் மகளிர் குழுவினர் கேட்டவை, வீட்டுத் திண்ணையில் சித்தப்பா கேட்டவை எல்லாம் கீழே இருக்கின்றன.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இது என்ன சோதனை?

நோய் வரும்போது சில பொருட்கள் ரத்தத்திலோ சிறுநீரிலோ புதிதாகக் கலக்கும், அல்லது அளவு கூடும். மாரடைப்பில் இதயத் தசை சிதைந்தால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்துக்கு வரும். டெங்குவில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் காய்ச்சலின் முதல் நாட்களிலேயே ரத்தத்தில் இருக்கும். இவற்றை நோய்க் குறிப்பான்கள் என்கிறோம். தங்கப் படலம் பூசிய சில்லில் இவற்றைப் பிடித்து வைத்து, லேசர் ஒளியை அடித்து, சிதறி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிறோம். எந்தப் பொருள், எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியும். ஆய்வுக்கூடங்களில் இதை ‘செர்ஸ்’ என்பார்கள். தமிழில் பரப்பால் பெருகிய ராமன் சிதறல் எனலாம்.

ராமன் என்றால் நம்ம சர் சி.வி. ராமனா?

அவரேதான். திருச்சியில் பிறந்தவர். இந்தக் கதையே கடலில்தான் தொடங்குகிறது, அதனால் நம்மூரில் சொல்லும்போது எனக்குத் தனி சந்தோஷம். 1921இல் ஐரோப்பா போய்க் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து யோசித்தார். வானத்து நீலம்தான் கடலில் தெரிகிறது என்று ரேலே என்ற பெரிய விஞ்ஞானி சொல்லியிருந்தார். ராமன் கையோடு வைத்திருந்த ஒரு சிறு பட்டகத்தைக் கண்ணில் வைத்து, தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வான வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டது.

அந்தத் தேடல் ஏழு வருடம் நடந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதைக் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு. அந்த பிப்ரவரி 28தான் இன்று பள்ளிகளில் கொண்டாடும் அறிவியல் தினம்.

நிறம் ஏன் மாறுகிறது? மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொன்றும் தனக்கே உரிய விதத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும். மேலே வந்து மோதும் ஒளி அந்த அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகிறது. கொடுத்த அளவுக்கு நிறம் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்பது பொருளுக்குப் பொருள் மாறும், கைரேகை மாதிரி. ஒரே தொல்லை என்னவென்றால், இப்படி நிறம் மாறி வருவது, அதாவது ராமன் ஒளி, சுமார் ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுதான்.

அவ்வளவு மங்கலான ஒளியை வைத்து என்ன செய்ய முடியும்?

இங்கேதான் தங்கம் வருகிறது. பாம்பன் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணைத் தண்ணீரும் மன்னார் வளைகுடாத் தண்ணீரும் அகலமான கடலில் அமைதியாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் குறுகிய வாய்க்கு வந்ததும் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று படகு ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒளியும் ஏறக்குறைய அப்படித்தான். தங்கத்தில் சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான்கள் லேசர் ஒளிக்கு ஏற்ப ஒன்றாக ஊசலாடும். தங்கத்தின் பரப்பு மேடும் பள்ளமுமாக, சில நானோமீட்டர் அகலச் சந்துகளோடு இருந்தால், ஒளியின் மின்புலம் அந்தச் சந்துகளில் வந்து குவியும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அங்கே புலம் முப்பது மடங்கு கூடினால் ராமன் ஒளி முப்பது மடங்கு கூடும் என்றுதானே தோன்றும்? கிட்டத்தட்ட நான்கு முறை பெருக்கிக்கொள்ள வேண்டும்: முப்பது, முப்பது, முப்பது, முப்பது. எட்டு லட்சம் மடங்கு வந்துவிடுகிறது. புலம் முப்பது மடங்கானால் ஒளியின் பலம் முப்பது முப்பதாக இரண்டு முறை பெருகும்; உள்ளே போகும் ஒளியையும் தங்கம் இப்படிப் பெருக்குகிறது, வெளியே வரும் ஒளியையும் பெருக்குகிறது என்பதால் வரும் கணக்கு இது. முதன்முதலில் இதைப் பார்த்தது 1974இல், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில். சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டின்மேல் பிரிடின் என்ற திரவத்தின் ராமன் ஒளி எதிர்பாராத அளவு பலமாக வந்தது. சொரசொரப்பால் பரப்பளவு கூடியதுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். 1977இல் வேறு இரண்டு குழுக்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, பரப்பளவு மட்டும் காரணமாக இருக்கவே முடியாது என்று காட்டின.

வெள்ளி மலிவாச்சே, ஏன் தங்கம்?

வெள்ளி உண்மையிலேயே ஒளியைத் தங்கத்தைவிட நன்றாகப் பெருக்கும். ஆனால் வீட்டில் கழற்றி வைத்த கொலுசு என்ன ஆகிறது? கறுத்துவிடுகிறது. காற்றில் இருக்கும் கந்தகம் செய்யும் வேலை அது. கொலுசைத் துலக்கிவிடலாம், சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தைத் துலக்க முடியாது. தங்கம் அப்படிக் கறுப்பதில்லை. அதோடு, நோய்க் குறிப்பானைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்களை, தங்கத்தோடு உறுதியாகக் கட்டிவைக்கும் வேதியியல் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

“அதுல எத்தனை பவுன் இருக்கு தாயி?”

சித்தப்பா கேட்டது. ஒரு சதுர சென்டிமீட்டர் சில்லில் 200 நானோமீட்டர் தடிமனுக்குப் பூசினால் சுமார் 0.4 மில்லிகிராம் தங்கம். எட்டு கிராம் பவுன் ஒன்றில் ஏறக்குறைய இருபதாயிரம் சில்லு பூசலாம். இது கணக்கு. நடைமுறையில் பூசும் கலத்தின் சுவரிலும் தங்கம் படியும், அதனால் கூடுதலாகவே செலவாகும். அப்படியும் இந்தச் சோதனையின் செலவில் தங்கத்தின் பங்கு சின்னது. ஆன்டிபாடியும் லேசர் கருவியும்தான் விலையை ஏற்றுகின்றன.

படலம் எப்படிப் பூசுகிறீர்கள்? கவரிங் மாதிரியா?

கவரிங்கில் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் தங்கத்தைப் படிய வைப்பார்கள். நாங்கள் செய்வது வேறு. பல வழிகள் உண்டு, நான் அதிகம் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடியை அமிலத்தில் கழுவ வேண்டும், தண்ணீர் விட்டால் முத்தாக நிற்காமல் விரிந்து பரவும் அளவுக்கு. பிறகு சுமார் 500 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக் மணிகள் மிதக்கும் பால் போன்ற திரவத்தில் ஒரு சொட்டு. அப்படியே காயவிடுவோம். தண்ணீர் வற்ற வற்ற மணிகள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு, தாம்பாளத்தில் நெருக்கிப் பரப்பிய சீடை மாதிரி, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆறாக அடுக்கிக்கொள்ளும். யாரும் அடுக்குவதில்லை, தானாக நடக்கிறது. காய்ந்த இடத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் பச்சையும் ஊதாவும் ஓடும், முத்துச்சிப்பியின் உட்புறம் மினுங்குவது போல. அந்த மினுக்கம் திட்டுத் திட்டாக இருந்தால் அடுக்கு சரியில்லை என்று கருவியில் வைக்காமலே எனக்குத் தெரிந்துவிடும். சீராக ஓடினால் அன்றைக்கு மனசு நிறைந்துவிடும்.

அப்புறம் அதைக் காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் வைத்துத் தங்கத்தைச் சூடாக்குவோம். தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கும் மேலே போனால் ஆவியாகிப் பறந்து வந்து மணிகளின் தலையில் படியும். நொடிக்கு 0.1 நானோமீட்டர் வேகத்தில் 200 நானோமீட்டர் பூச அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் பிடிக்கும். மணிக்கும் மணிக்கும் நடுவில் விழும் பள்ளங்கள்தான் நமக்கு வேண்டிய சந்துகள். மணி இல்லாமல் வெறும் கண்ணாடியில் பூசினால், தங்கம் கண்ணாடியைப் பிடிக்காது, விரலால் தேய்த்தாலே உரிந்துவிடும். அதற்குக் கீழே சில நானோமீட்டர் குரோமியமோ டைட்டானியமோ பூசவேண்டும்.

தங்கத்தைத் துகளாகக் கரைத்து வைத்தாலே போதுமே, ஏன் படலம்?

நல்ல கேள்வி. பத்தாம் வகுப்புப் பையன் கேட்டது. கர்ப்பப் பரிசோதனை அட்டைகளில் பெரும்பாலும் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு தங்கத் துகள்தான். தண்ணீரில் மிதக்கும் சிறு தங்கத் துகள் சிவப்பாகத் தெரியும். செய்வதும் எளிது, செலவும் குறைவு.

பதிலை அவனையே கண்டுபிடிக்க வைத்தேன். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ரோஜாப்பூ நிறத் தங்க நீரை ஊற்றிக் கையில் கொடுத்தேன். கடற்கரையிலிருந்து ஒரு பாட்டிலில் மொண்டு வந்த கடல்நீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னேன். ஐந்தாறு சொட்டு விழுந்ததும் சிவப்பு ஊதாவாகி, கொஞ்ச நேரத்தில் நீலச் சாம்பல் ஆனது. மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது அடியில் கறுப்பாகப் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தவரை தனித்தனியாக நின்றன. உப்பு அந்தத் தள்ளலை மறைத்துவிட்டது, அதனால் ஒட்டிக்கொண்டன.

நம் ரத்தத்திலும் சிறுநீரிலும் உப்பு இருக்கிறது. துகள்கள் ஒட்டும்போதும் நல்ல சந்துகள் உண்டாகும், ஒளி பெருகவும் செய்யும். ஆனால் எப்படி ஒட்டும், எவ்வளவு ஒட்டும் என்பது ஆளுக்கு ஆள், சொட்டுக்குச் சொட்டு மாறும். மேலே பூச்சுக் கொடுத்துத் துகளைக் காப்பாற்றலாம், பலர் செய்கிறார்கள். கண்ணாடியில் நிலையாக உட்கார்ந்த படலத்தில் சந்துகளின் அகலத்தை உப்பு மாற்றாது. எனக்குப் படலம் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான்.

குறிப்பானைப் படலம் எப்படி அடையாளம் கண்டு பிடிக்கிறது?

சின்ன மூலக்கூறு என்றால் நேராகவே பார்க்கலாம். சிறுநீரில் இருக்கும் கிரியாட்டினின் அப்படிப்பட்டது, தங்கத்தின் அருகே வந்து தன் கைரேகையைத் தானே காட்டும். தண்ணீரின் ராமன் ஒளி மிகவும் பலவீனம் என்பதால் குறுக்கே நிற்காது.

புரதம் என்றால் சிக்கல். பெருக்கம் தங்கத்திலிருந்து சில நானோமீட்டர் தூரம்தான் எட்டும். பிடித்து வைக்கும் ஆன்டிபாடியே சுமார் பத்து நானோமீட்டர் நீளம். அதன் நுனியில் மாட்டிய புரதம் பெருக்கத்துக்கு வெளியே போய்விடுகிறது. போதாததற்கு புரதங்களின் கைரேகைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். அதனால் இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிறோம். படலத்தில் ஒரு ஆன்டிபாடி, அது ட்ரோபோனினைப் பிடிக்கும். பிறகு இன்னொரு ஆன்டிபாடி கட்டிய தங்கத் துகளை விடுவோம், அது ட்ரோபோனினின் மறுபக்கத்தைப் பிடிக்கும். அந்தத் துகளின் தோலிலேயே பலமான ராமன் ஒளி தரும் ஒரு சாய மூலக்கூறை ஒட்டி வைத்திருப்போம். மிச்சத்தைக் கழுவிவிட்டால், எங்கே ட்ரோபோனின் மாட்டியதோ அங்கே மட்டும் துகள் நிற்கும், சாயம் பேசும். நாம் எண்ணுவது சாயத்தின் குரலைத்தான்.

உப்புக்குப் பயந்து துகளை விட்டோம் என்று சொல்லிவிட்டு மறுபடி துகளா என்று கேட்கலாம். சரிதான். இந்தத் துகளுக்கு மேலே ஆன்டிபாடியும் புரதமும் போர்த்தியிருப்பதால் உப்பில் சட்டென்று ஒட்டிக்கொள்ளாது.

எவ்வளவு குறைவாக இருந்தாலும் தெரியுமா?

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புராஸ்டேட் சுரப்பியின் பிஎஸ்ஏ புரதத்தை இதே இரட்டைப் பிடி முறையில் ஃபெம்டோமோலார் அளவில் காட்டினார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு ஃபெம்டோமோல் என்றால், 0.05 மில்லிலிட்டர் சொட்டு ஒன்றில் சுமார் முப்பதாயிரம் மூலக்கூறு. அதே சொட்டில் தண்ணீர் மூலக்கூறுகள் எண்ணில் அடங்காதவை. 1997இலேயே ஒற்றை மூலக்கூறின் ராமன் ஒளியை இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்துவிட்டன.

அப்படியானால் நம் மருத்துவமனைகளில் ஏன் இன்னும் இல்லை?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

ஒற்றை மூலக்கூறைக் காட்டியது சாதனை. மருத்துவருக்கு அது போதாது. இன்று மதியம் கீழக்கரையில் எடுத்த எண்ணும், நாளை காலை ராமநாதபுரத்தில் வேறொரு சில்லில் எடுத்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். சந்தின் அகலம் ஒரு நானோமீட்டர் கூடினாலே ஒளி பல மடங்கு விழுந்துவிடும் என்னும்போது, சில்லு முழுக்கச் சந்துகளை ஒரே மாதிரி செய்வதுதான் மலை போன்ற வேலை. என் முதல் வருடச் சில்லு ஒன்றில் நூறு இடங்களில் லேசரை வைத்து அளந்தேன். எண்பது இடங்கள் சாதுவாக இருந்தன. மூன்றே இடங்கள் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகமாகக் கத்தின. அந்த மூன்றில் ஒன்றை மட்டும் காட்டினால் அருமையான படம் கிடைக்கும். ஒரு நோயாளிக்கு அதை வைத்து ட்ரோபோனின் அளவு சொன்னால் அது பாவம்.

கோடி மடங்கு பெருக்கும், ஆனால் இடத்துக்கு இடம் மாறும் படலத்தையும், பத்து லட்சம் மடங்கே பெருக்கும், ஆனால் முழுக்கச் சீரான படலத்தையும் என் முன்னே வைத்தால், யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். அதனால்தான் மணியடுக்கில் இவ்வளவு நேரம் செலவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் ஒரு சிலிக்கான் துண்டை அளந்து, சிதறும் ஒளியின் வரைபடத்தில் எழும் அதன் முகடு வழக்கமான 520 என்ற இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்க்கிறோம், தராசில் படிக்கல் வைத்துப் பார்ப்பது போல. இதையெல்லாம் தாண்டி, நூற்றுக்கணக்கான உண்மையான நோயாளிகளின் ரத்தத்தில், இப்போது இருக்கும் சோதனையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

உப்புக்காற்றில் இந்தச் சில்லு தாங்குமா?

மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களை வெளியில் வைத்து அரிப்பை ஆராய்கிறது என்றால் நம் காற்று எப்படிப்பட்டது என்று புரியும். தங்கம் அதற்கு அசையாது. கீழே பூசிய ஒட்டுப்படலமும், ஓரங்களில் ஏறும் ஈரமும்தான் கவலை. ஐப்பசி மழையில் வீட்டுக்குக் கொண்டுவந்த சில்லுகளில் சிலவற்றின் ஓரம் உரிந்திருந்தது.

அதைவிடப் பெரிய பாடம் கருவாட்டில் கிடைத்தது. ஒரு தடவை சில்லு ஒன்றை ஜன்னலோரம் திறந்தே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். பக்கத்து முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி அளந்தால் ஒளி பாதியாக இருந்தது, நாங்கள் வைக்காத முகடுகளும் எழுந்திருந்தன. மீன் காயும்போது கந்தகச் சேர்மங்கள் காற்றில் வரும். தங்கத்துக்குக் கந்தகத்தின்மேல் அவ்வளவு பிடிப்பு. கறுக்காது, ஆனால் அந்தச் சேர்மங்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நம் ஆன்டிபாடிக்கு இடமிருக்காது. அன்றிலிருந்து எல்லாச் சில்லும் நைட்ரஜன் அடைத்த பையில்தான். இந்தச் சோதனை நம் கடற்கரைக்கு வரும்போது பையைப் பிரித்த உடனே பயன்படுத்த வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதியே வரவேண்டும்.

நம் பகுதிக்கு எந்த நோய்க்கு உதவும் என்று நினைக்கிறீர்கள்?

எனக்கு முதலில் தோன்றுவது இதயம், அப்புறம் டெங்கு, சிறுநீரகம். ராமேஸ்வரம் தீவில் மலேரியா நெடுங்காலம் இருந்திருக்கிறது. மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பைத் தின்றுவிட்டு விடும் நிறமிக்குத் தனி ராமன் கைரேகை உண்டு. காசநோயாளிகளின் சிறுநீரில் வரும் ஒரு கிருமிப் பொருளையும் தேடுகிறார்கள், சளி எடுக்க முடியாத குழந்தைகளுக்கு அது பெரிய உதவி.

நெஞ்சுவலி வந்தால் இப்படிப்பட்ட சோதனைக்குக் காத்திருக்கலாமா?

கூடவே கூடாது. ட்ரோபோனின் ரத்தத்தில் அதிகமாவதற்குச் சில மணி நேரம் ஆகும். முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி. நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, வேர்த்துக் கொட்டுதல் என்றால் உடனே 108ஐ அழையுங்கள். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களை எங்கள் தெருவிலேயே இழந்திருக்கிறோம்.

லேசர் உடம்பில் படுமா?

படாது. எடுத்த சொட்டின்மேல் மட்டும்தான்.

ஒரு சில்லை மறுபடி பயன்படுத்தலாமா?

நோய்ச் சோதனைக்கு வேண்டாம். போன ஆளின் மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த ஆளுக்குத் தப்பான பதில் வரும்.

என் மகள் இதைப் படிக்க ஆசைப்படுகிறாள். என்ன படிக்கச் சொல்வது?

இயற்பியலோ வேதியியலோ எதுவானாலும் சரி. பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான நிறுவனம் அது, அங்கேயே பொறியியல் பட்டமும் படிக்கலாம்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பழைய சிடி ஒன்றை எடுத்து, இருட்டான அறையில், எரியும் பழைய (எல்இடி அல்லாத) ட்யூப் லைட்டின் பிம்பம் அதில் விழும்படி மெல்லச் சாய்க்கட்டும். பச்சை ஒரு பட்டையாக, ஊதா ஒரு பட்டையாகத் தனித்தனியே நிற்கும். அடுத்து அதே சிடியில் குண்டு பல்பைப் பார்க்கட்டும், நிறங்கள் இடைவெளி இல்லாமல் ஓடும். இரண்டும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று அவள் கேட்க ஆரம்பித்தால், அடுத்த தடவை நான் ஊருக்கு வரும்போது வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். சில்லு ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டுகிறேன்.